யாரிடம் அனுமதி வாங்கி ஓடுகிறார்கள்?

1932 என்றதும் நமக்கு இரண்டு தேதிகள் நினைவுக்கு வரும். ஆகஸ்ட் 16 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. கிடைத்தது கைவிட்டுப் போனது. எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் இதைப் பேசுவோம். இந்த முறை அதே 1932இல் இங்கிலாந்தின் மலைகளில் நடந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பேசினோம். ஒன்று, ஒரு மனிதர் ஒரே நாளில் 42 மலைகளை ஓடிக் கடந்தது. இன்னொன்று, ஒரு மலையில் நடந்ததற்காக ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனது. அம்பேத்கரைப் படிக்கிற இடத்தில் மலையோட்டத்துக்கு என்ன வேலை என்று நினைக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேச்சைத் தொடங்கியது எங்கள் பிள்ளைகள்தான். வட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் ஓடுகிறவர்கள். காவலர் தேர்வில் பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 400 மீட்டர். எங்கள் காலனியில் ஓட்டம் என்றால் அதுதான். வேலைக்காக ஓடுவது. வேலை கிடைத்தால் நின்றுவிடும், வயது கடந்தாலும் நின்றுவிடும்.

அவர்களில் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். மரமே இல்லாத பச்சை மலை முகட்டில், மழையிலும் பனிமூட்டத்திலும் ஒரு பெண் ஓடிக்கொண்டே இருக்கிறார். இருட்டிய பிறகு தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஓடுகிறார். நெஞ்சில் எண் அட்டை இல்லை, வழிகாட்டும் கொடி இல்லை, கைதட்டும் கூட்டம் இல்லை. எவ்வளவு பரிசு என்று பையன்கள் கேட்டார்கள். ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்றதும் சிரித்தார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் மட்டும் வேறு கேள்வி கேட்டாள்: "அவ்ளோ பெரிய மலையில யார்கிட்டக்கா பெர்மிஷன் வாங்கி ஓடுறாங்க?"

அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியதில் எழுதியதுதான் இது.

வடமேற்கு இங்கிலாந்தில் ஏரி மாவட்டம் என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே கெஸ்விக் என்ற சிறு நகரத்தில் விருந்தினர் விடுதி நடத்தி வந்தவர் பாப் கிரஹாம். 1932 ஜூன் மாதம், ஊர் நடுவிலுள்ள மூட் ஹால் என்ற கட்டடத்திலிருந்து கிளம்பி 42 சிகரங்களைத் தொட்டுவிட்டு அதே இடத்துக்குத் திரும்பினார். எடுத்துக்கொண்ட நேரம் 23 மணி 39 நிமிடம். காலில் டென்னிஸ் ஷூ. சாப்பிட்டது ரொட்டி, வெண்ணெய், முட்டை, பழம், மிட்டாய். இன்று அந்தச் சுற்று சுமார் 106 கிலோமீட்டர் என்று கணக்கிடப்படுகிறது. ஏறுகிற உயரத்தை எல்லாம் கூட்டினால் 8,200 மீட்டர் வரும். எவரெஸ்ட்டின் உயரமே 8,849 மீட்டர்தான்.

அதன் பிறகு 28 ஆண்டுகள் யாராலும் அதை 24 மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. 1960இல் ஆலன் ஹீட்டன் முடித்தார். பெண்களில் முதலில் முடித்தவர் ஜீன் டாஸ், 1977இல். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லர் 1975இல் ஒரே நாளில் 72 சிகரங்களுக்குப் போய் வந்தார். கல் வேலை செய்துவந்த பில்லி பிளாண்ட் 1982இல் இந்தச் சுற்றை 13 மணி 53 நிமிடத்தில் ஓடினார். அந்தக் கணக்கை 36 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2018இல் கிலியன் ஜோர்னெட் என்ற கட்டலான் மலையோட்டக்காரர் வந்து 12 மணி 52 நிமிடத்தில் முடித்தபோது, மூட் ஹால் வாசலில் நின்று அவரை வரவேற்றவர்களில் பில்லி பிளாண்டும் ஒருவர்.

இது பந்தயம் கிடையாது. நடத்துகிறவர் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, ஓட்ட நாள் என்று ஒன்று இல்லை. நாளையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்யலாம். எந்தப் பக்கமிருந்தும் சுற்றலாம். பாதை குறிக்கப்பட்டிருக்காது, வரைபடம், திசைகாட்டி, முன்கூட்டிப் போய்ப் பார்த்துவைத்த அனுபவம், இவைதான் துணை. 1971இல் தொடங்கிய பாப் கிரஹாம் 24 மணி நேர மன்றம் முடித்தவர்களின் பெயரைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதற்கும் ஒரே ஒரு முக்கியமான விதி: ஒவ்வொரு சிகரத்திலும் உங்களோடு இன்னொருவர் இருந்திருக்க வேண்டும். சாட்சி வேண்டும். அதனால் நண்பர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு உடன் ஓடுகிறார்கள். ஒருவர் தண்ணீர் சுமக்கிறார், ஒருவர் வழி பார்க்கிறார், ஒருவர் சாலை வந்து சேரும் இடத்தில் சூடாகக் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இன்று உதவி பெற்றவர் அடுத்த கோடையில் வேறொருவருக்கு உதவப் போவார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இப்படித்தான் முடித்திருக்கிறார்கள்.

அனுமதி? யாரிடமும் வாங்க வேண்டாம். அந்த மலைகளில் பெரும்பகுதி பொது மேய்ச்சல் நிலம். அங்கே நடப்பவரைத் தடுக்கும் வழக்கம் பெரிதாக இல்லை.

ஆனால் அதே 1932இல், கெஸ்விக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே, நிலைமை வேறு. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. உயரம் 636 மீட்டர். இரண்டு பெரிய தொழில் நகரங்களின் மில், ஃபவுண்டரி தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் மூச்சு விடக் கிடைக்கக்கூடிய பக்கத்து மலை அது. ஆனால் அது டெவன்ஷயர் பிரபுவின் சொத்து. கிரவுஸ் என்ற காட்டுக்கோழிகளைப் பணக்காரர்கள் ஆண்டில் சில நாட்கள் சுட்டு விளையாடுவதற்காக, ஆண்டு முழுக்க அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். காவலாளிகள் தடியோடு நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் சுமார் 400 பேரைத் திரட்டிக்கொண்டு அந்த மலை மேல் ஏறினார்கள். தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன். மான்செஸ்டரின் யூதக் குடும்பத்துப் பையன், மெக்கானிக், வயது 20. காவலாளிகளோடு தள்ளுமுள்ளு நடந்தது. இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது.

சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்தவர் நிலத்தில் நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றவியல் குற்றம் அல்ல. அது உரிமையியல் விவகாரம். அதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. அதனால் கலவரக் கூட்டம், தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் நிறைந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். நடந்தவனை நடந்ததற்காகத் தண்டிக்காமல் சட்டம் ஒழுங்கைக் கெடுத்தான் என்று தண்டிப்பது. இந்த வித்தை நமக்குப் புதிதா? பொதுப்பாதை கேட்டு நிற்கும் காலனி மக்கள் மேல் எந்தப் பிரிவில் வழக்கு வருகிறது என்று உங்கள் மாவட்டத்திலேயே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்த கதைதான். அன்றைக்கு இருந்த பெரிய நடைப்பயணச் சங்கங்கள் அந்த இளைஞர்களை ஆதரிக்கவில்லை. பிரபுக்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் காரியம் கெட்டுவிடும் என்றார்கள்.

1949இல் தேசியப் பூங்கா சட்டம் வந்தது. 1951இல் கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. டாம் ஸ்டீஃபன்சன் என்ற பத்திரிகையாளர் 1935இல் முன்வைத்த பென்னைன் நெடும்பாதை முப்பது ஆண்டுகள் கழித்து 1965இல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. 2002இல், அத்துமீறலின் 70ஆவது ஆண்டு விழாவில், அன்றைய டெவன்ஷயர் பிரபு வந்து தன் தாத்தா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

பென்னைன் நெடும்பாதை 268 மைல். அதன் தெற்கு முனை ஈடேல் கிராமம். அங்கிருந்து போகிறவர்கள் முதலில் ஏறுவது அதே கிண்டர் மேட்டில்தான். 1989இல் மைக் ஹார்ட்லி இந்தப் பாதை முழுவதையும் 65 மணி 20 நிமிடத்தில் ஓடினார். 2020 கோடையில் ஜான் கெல்லி அதை முறியடித்தார். சில நாட்களிலேயே டேமியன் ஹால் அவரையும் முந்தினார். அவர்களும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டாத நிலையை வேறு சிலர் சிறைக்குப் போய் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் மாணவிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்.

வெள்ளைக்காரனைப் பார், எவ்வளவு நாகரிகம் என்று முடிக்க இதை எழுதவில்லை. இங்கிலாந்தில் இன்றும் சுதந்திரமாக அலையும் உரிமை உள்ள நிலம் மொத்தத்தில் 8 சதவீதம்தான். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இரவு கூடாரம் போடும் உரிமை இல்லை என்று ஒரு நில உரிமையாளர் வழக்காட, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம்தான் மக்கள் உரிமையை உறுதி செய்தது. அங்கே கறுப்பின மக்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. கயானாவில் பிறந்த புகைப்படக் கலைஞர் இங்கிரிட் பொல்லார்ட் 1988இல், கிராமப்புற இங்கிலாந்தில் ஒரு கறுப்பு உடல் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதை வைத்தே ஒரு படத்தொடர் செய்தார். மலையோட்டத்தில் கறுப்பின மக்களைச் சேர்ப்பதற்கென்று ஓர் அமைப்பு அங்கே 2020இல்தான் தொடங்கியது. சட்டம் கதவைத் திறந்த பிறகும், உள்ளே இருப்பவரின் பார்வை வாசலில் நின்று மறிக்கும்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. கிரவுஸ் வேட்டை நாட்களில் பறவைகளை விரட்டிவிடக் கூலி ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் மேட்டுநிலம் முழுக்க நடக்கலாம். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்தால் அத்துமீறல். வேலை இருந்தால் வா, வேலை இல்லாவிட்டால் இங்கே உனக்கு என்ன வேலை?

எங்கள் ஊர்க் கதையும் இதுதான். பள்ளி மைதானத்துக்கு ஊர்த் தெரு வழியாகப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர். பைபாஸ் வழியாகச் சுற்றினால் நான்கு. எங்கள் பெண்கள் காலை ஆறு மணிக்கு அந்தத் தெரு வழியாகத்தான் களை எடுக்கவும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். திருவிழா வந்தால் பந்தல் கால் சுமந்துகொண்டும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டும் எங்கள் ஆண்கள் அதே தெருவில் போகிறார்கள். ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் அதே தெருவில் ஓடியபோதுதான் கோயில் திண்ணையிலிருந்து குரல் வந்தது: "விடியக்காலைல இந்தப் பக்கம் என்னடா வேல? ஓடுறதுன்னா உங்க பக்கம் ஓடுங்க."

அடிக்கவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. அதனால் புகார் எழுத இதில் என்ன இருக்கிறது என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். பையன்கள் பைபாஸுக்குப் போனார்கள். இருட்டில், லாரிகளுக்கு ஓரமாக, செல்போன் வெளிச்சத்தில் ஓடினார்கள். பெற்றவர்கள் பயந்து பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

பாதைக்கான போராட்டம் நம் வரலாற்றில் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த பொதுச் சாலைகளில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் அதற்காக இருமுறை சிறை சென்றார். 1925 இறுதியில் வந்த தீர்வில்கூட மூன்று பக்கச் சாலைகளைத் திறந்தார்கள். கிழக்குப் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பட்டியலிடும்போது சாலையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது சும்மா இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பொதுப்பாதையை மறிப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிள், பைக் ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புது உடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம். ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் செருப்பு என்ற சொல் ஏன் வர வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். ஷூ போட்ட கால் அந்தத் திண்ணையை ஏன் உறுத்தியது என்று அப்போது புரியும்.

பாப் கிரஹாம் சுற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. சாட்சி விதி. தனியாகச் செய்கிற காரியம்போலத் தெரியும் அந்த ஓட்டம், உடன் நிற்பவர்கள் இல்லாமல் கணக்கில் வராது.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். அந்தத் தெரு யாருடையது, பதிவேட்டில் என்ன எண், சிமெண்ட் சாலை எந்த நிதியில் போடப்பட்டது என்று கேட்டோம். ஊராட்சிச் சாலை, அரசு நிதி என்று முத்திரையோடு பதில் வந்தது. அதன் படம் இப்போது ஓடுகிற ஒவ்வொருவர் செல்போனிலும் இருக்கிறது. பிறகு வாரத்தில் மூன்று நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓடுவது என்று முடிவானது. எங்களில் மூன்று பேர், தண்ணீர்த் தொட்டி அருகே ஒருவர், கோயில் திருப்பத்தில் ஒருவர், பள்ளிக்கூட கேட்டில் ஒருவர் என்று நிற்பது. யார் என்ன சொன்னாலும் பதில் பேசாமல், தேதி, நேரம், சொன்ன வார்த்தை என்று நோட்டில் எழுதுவது.

முதல் வாரம் இரண்டு நாள் பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்கள். பையன்கள் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். கொஞ்ச நாள் விட்டுக்கொடுங்களேன் என்று வழக்கமான யோசனை வந்தது. நாங்கள் நோட்டையும் ஒன்றிய அலுவலகத்தின் பதிலையும் மேசை மேல் வைத்தோம். விட்டுக்கொடுக்க எங்களிடம் தனியாக எதுவும் இல்லை, இது எல்லாருடைய சாலை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். பைக் இப்போது குறுக்கே நிற்பதில்லை. ஊர்த் தெரு மூதாட்டி ஒருவர் ஒருநாள் வாசல் தெளித்துக்கொண்டே "எந்த பரிச்சைக்குப்பா?" என்று கேட்டார். ஒரு பையன் நின்று பதில் சொன்னான். அந்தக் கேள்வி வேறு மாதிரியான கேள்வி என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

வெற்றி என்று சொல்ல மாட்டோம். பெண் பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருவில் ஓடவில்லை. அவர்களின் அம்மாக்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். தேர்வு முடிந்த பிறகும் இந்த ஓட்டம் தொடர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. தேர்வுக்காக ஓடுவதும் ஒரு வகையில் வேலைக்காக ஓடுவதுதானே. எந்தக் காரணமும் சொல்ல வேண்டியில்லாமல், உடம்பு கேட்கிறது என்பதற்காக ஒரு தலித் பெண் ஓர் ஊர்த் தெருவில் ஓடிப் போய்த் திரும்பும் நாள் வர வேண்டும்.

அந்த மலை வீடியோவைப் பார்த்த பிள்ளைகள் நம்மூர் மலைகளிலும் இப்படி ஓடலாமா என்று கேட்டார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது இங்கே குற்றம். யானை, கரடி, காட்டுத்தீ என்று காரணங்களும் உண்மையானவை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. 2024இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்து, பணம் கட்டிப் போகலாம். அந்தக் கட்டணம் யாருக்குக் கட்டுப்படியாகும், காலங்காலமாக அந்தப் பாதைகளில் நடந்த பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கொடுத்தாயிற்றா என்பதைத் தனியாகப் பேச வேண்டும். மலைக்குப் போகும் முன் தாண்ட வேண்டிய தெரு நமக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும், சுடுகாட்டுக்கும் போகும் ஒவ்வொரு பாதையும் எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய்தான் செலவு, முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலைப் பல நகல் எடுத்து வையுங்கள். சுற்றுப் பாதையில் போகிறவர்கள் யார் யார், எத்தனை ஆண்டுகளாக, யார் சொல்லி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பாதையில் இறங்கும் நாளில் தனியாக இறங்காதீர்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சாட்சியை நிறுத்திவிட்டு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.